வெளிச்சப் பக்கம் சொன்ன கதை

அந்த வருஷங்களில் குளிர்காலம் வந்தால் எங்கள் தராஸ் நகரத்துக்கு முழுசாக மின்சாரம் கிடையாது. ஒரு நாள் ரயில் பாதைக்குக் கிழக்கே விளக்கு எரியும், மறுநாள் மேற்கே எரியும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் எரிந்தால் யாரோ மந்திரி ஊருக்குள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். குளிரில் விறைத்ததைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சித் தொடர் பார்க்க முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. மெக்சிகோக்காரி ஒருத்தி காணாமல்போன தங்கையைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு கதவைத் தட்டுகிற நேரம் பார்த்துத் திரை அணைந்தால் மனிதனுக்குத் தேநீர் தொண்டையில் இறங்குமா?

அதற்குத்தான் நான் இருந்தேன். பிபிநூர் என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் ஊரில் நாய்கூட வாலாட்டும். நகர வானொலியில் தினமும் காலையில் "நேற்று என்ன ஆச்சு?" என்ற நிகழ்ச்சி என்னுடையது. வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய வானொலிப் பெட்டிக்குத் தனிக் கம்பி என்பதால் இருட்டுப் பக்கத்திலும் அது பேசும். தொலைபேசியும் வேலை செய்யும். பிறகென்ன, கூப்பிடுவார்கள்.

"அக்கா, அந்த டாக்டர் செத்தானா இல்லையா?"

"செத்தான். சவப்பெட்டில வச்சு மூடிட்டாங்க."

"ஐயையோ!"

"அழாதீங்க. அவனுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், அதே மூஞ்சி. மீசைதான் வேற. அடுத்த வாரம் வருவானான்னு மட்டும் கேக்காதீங்க."

ஒராஸ்பெக் என்று ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர். அவருக்குக் கதை வேண்டாம், குடைச்சல் கேள்விதான் வேண்டும். எந்தப் படத்தில் எந்தக் குதிரை யாருடையது, முத்தம் கொடுக்கும்போது நாயகியின் தோடு இடது காதிலிருந்து வலது காதுக்கு எப்படிப் போனது என்று கேட்பார். வானொலிக்கு வருவதற்கு முன்னால் நான் சினிமா அரங்குகளுக்குப் படப்பெட்டி அனுப்பும் அலுவலகத்தில் இருந்தவள். ஒவ்வொரு பெட்டியோடும் கதைச்சுருக்கம் வரும். வேலை நேரத்தில் வேறு வேலை இல்லாததால் அத்தனையும் படித்திருக்கிறேன். அதனால் கிழவரிடம் நான் தோற்றதில்லை.

எனக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வரப்போகிற கதையைச் சொல்லமாட்டேன். நடந்த கதையைத் தப்பாகச் சொல்லமாட்டேன். மெக்சிகோத் தொடர்களுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் முன்கூட்டியே சுருக்கம் அனுப்பிவிடுவார்கள். சுருக்கம் வராத தொடர் என்றால், எங்கள் மேற்குப் பக்கம் இருட்டாக இருந்த மறுநாள் நான் ஒரு வேலை செய்வேன். "கிழக்குக்காரங்களே, யாராவது பாத்தீங்களா? இருட்டுல இருந்தவங்களுக்குச் சொல்லுங்க," என்பேன். பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். அதற்கு "வெளிச்சப் பக்கம்" என்று பேர். மக்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். சிலர் தொடரைவிடச் சொல்கிறவர்களுக்காகவே கேட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு வலது கையாக இருந்தவள் ராய்கான். கண்ணாடிக்கு அந்தப் புறம் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளில் நல்லதைப் பொறுக்கி எனக்குக் கொடுப்பாள். ஒரே குடுவையில் தேநீர் குடித்தோம். அவள் கணவன் ஓடிப்போனபோது என் மடியில்தான் அழுதாள். என் மாமியார் என்னைப் படுத்தியபோதெல்லாம் நான் அவள் மடியில் அழுதேன். பிறகு அவளுக்கு அல்மாத்திப் பெருநகரத்தில் தொடர் எழுதும் வேலை கிடைத்தது. போகும்போது ஒரு பை நிறையப் பவுர்சக், எங்கள் மாவுருண்டைப் பலகாரம், பொரித்துக் கொடுத்தேன். எண்ணெய் ஊறி அவளுடைய புதுச் சட்டையைக் கெடுத்ததாகக் கடிதம் போட்டாள். அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

இப்போது நான் சொல்ல வேண்டியது என் வீட்டு விஷயம். எங்களில் அண்ணனுக்குக் குழந்தை இல்லையென்றால் தம்பி தன் குழந்தையைக் கொடுப்பான். கேட்ட பிறகு கொடுப்பது அழகில்லை, கேட்கும் முன்பே கொடுக்க வேண்டும். என் கணவர் எர்காலிக்கு ஓர் அண்ணன், தொலேகென். அவர் மனைவி குல்யாஷ் அக்காவின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. என் இரண்டாவது பெண் பிறந்து நாற்பதாவது நாள், மாமியார் அவளை வாங்கிக் குல்யாஷ் அக்காவின் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, கீழ்விளிம்பு வழியாக வெளியே எடுத்தார். அதாவது குல்யாஷ் அக்காதான் பெற்றாள் என்று ஆயிற்று. பெண்ணுக்கு அக்மரால் என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து நான் அவளுக்குச் சித்தி.

உறவு முழுவதற்கும் தெரியும். அக்கம்பக்கத்துக்கும் தெரியும். தெரியாதவள் அக்மரால் ஒருத்திதான். தெரியவே கூடாது என்பதுதான் வழக்கம். அன்று குல்யாஷ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வாயால வரக்கூடாது. அவளே எங்கயாவது கேள்விப்பட்டு வந்து கேட்டாலும் இல்லேன்னுதான் சொல்லணும். எனக்கு வார்த்தை குடு," என்றாள். கொடுத்தேன். மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்த நேரத்தில் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஒரு பனிப்புயல் நாளில் பேருந்து நின்றுபோய், நானும் ராய்கானும் ஒலிப்பதிவு அறையில் அடைந்து கிடந்தோம். அப்போது சொன்னேன். பால் நிற்கவில்லை என்பதைச் சொன்னேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பனியில் பீச்சிவிட்டு வருவேன், ஆடு வந்து அந்த இடத்தை நக்கும், அந்த ஆட்டின் மேல் எனக்குப் பொறாமை வரும் என்பதைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் முதல் பனி விழுந்ததும் அக்மராலுக்குச் சிவப்புக் கம்பளிப் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போவேன். அது எப்படி எப்போதும் சரியாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பூட்ஸ் வாங்கும் முன்பு ஒருதடவை போனால், அவர்கள் வீட்டு முற்றத்துப் பனியில் அவள் காலடி பதிந்திருக்கும். யாரும் பார்க்காதபோது அதில் என் கையை வைத்து அளந்துகொள்வேன். அதையும் சொன்னேன். ராய்கான் என்னைவிட அதிகமாக அழுதாள். அழுதவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அக்மராலுக்குப் பதினேழு வயது ஆனபோது ராய்கானின் தொடர் வந்தது. "இரண்டு வாசல்." வெள்ளிக்கிழமை தோறும் மாலையில். நம் மொழியில், நம் ஆட்கள் நடித்து, நம் ஊர்க்காரி எழுதியது. நான் வானொலியில் தம்பட்டம் அடித்த அடியில் அல்மாத்திக்கே கேட்டிருக்கும். முதல் பகுதியன்று எங்கள் பக்கம் வெளிச்சம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், நடுவில் ஒரு முற்றம், கெட்டிக்கார மருமகள் ஒருத்தி. நன்றாகத்தான் இருந்தது. அந்த மருமகள் பேசும்போது கையை ஆட்டுகிற விதம் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. அட, என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டேன். என் புத்திக்கு அன்றைக்கு விடுமுறை.

இரண்டாவது பகுதியன்று கிழக்கே வெளிச்சம், எங்களுக்கு இருட்டு. அந்த வாரம் எடுத்ததை அந்த வாரமே காட்டுகிறார்கள் என்பதால் சுருக்கமும் வரவில்லை. சனிக்கிழமை காலை வெளிச்சப் பக்கத்தைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடச் சமையல்காரி கம்ஷாத் முதலில் வந்தாள். கரண்டிச் சத்தத்தோடுதான் எப்போதும் பேசுவாள்.

"பிபிநூர் அக்கா, நேத்து நான் அழுத அழுகையில சூப்புக்கு உப்பே போட வேண்டியதில்ல."

"முதல்ல கதையச் சொல்லுங்க, அப்புறம் உப்பப் போடுங்க."

"அந்தச் சின்ன மருமக இருக்காள்ல, அவ பொண்ண மூத்தவளுக்குக் குடுத்துடறாங்க. சட்டைக் கழுத்துல விட்டு எடுக்கறதெல்லாம் அப்படியே காட்டறாங்க அக்கா. சரி, ஊர்ல நடக்கறதுதானேன்னு பாத்தா, அவ ராத்திரி எந்திரிச்சுக் கொட்டகைக்குப் பின்னாடி போய்..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். பால், பனி, ஆடு.

"அது மட்டுமா? பொண்ணு வளந்துடறா. இவ சித்தியா நின்னு வருஷா வருஷம் அவளுக்குச் சிவப்புப் பூட்ஸ் கொண்டு போறா. அளவு எப்படித் தெரியுதுன்னு பாத்தா, பனியில அந்தப் பொண்ணு கால் பதிஞ்ச இடத்துல கைய வச்சு அளக்கறா அக்கா! இப்படியெல்லாம் எப்படித்தான் யோசிக்கிறாங்களோ!"

யோசிக்கவில்லை, திருடியிருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பாட்டுப் போடச் சொல்லிக் கையை ஆட்டினேன். ஒலிக்கருவி பார்க்கும் சபித் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார். அவர் கம்ஷாத் சொன்ன கதைக்கு அழுதிருந்தார். எனக்குப் பயம் வேறு. அக்மராலின் வீடு கிழக்கே. நான் பார்க்காததை அவள் பார்த்திருக்கிறாள்.

பாட்டு முடிவதற்குள் குல்யாஷ் அக்காவே கூப்பிட்டுவிட்டாள்.

"பாத்தேன் பிபி. அவளும் என் பக்கத்துல உக்காந்து பாத்தா. பூட்ஸ் வந்ததும் எந்திரிச்சு வாசலுக்குப் போய், தன்னோடத எடுத்துக் கைல வச்சுப் பாத்துக்கிட்டு நின்னா. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா தேவல. நீ யார்கிட்ட சொன்ன?"

"ராய்கான்கிட்ட. அவ இப்படிப் பண்ணுவான்னு கனவுலகூட..."

"பதினேழு வருஷமா நான் அவ அம்மா. ஒரு டிவிப் பெட்டி வந்து இல்லேன்னு சொல்லிடுமா? உன் வார்த்தை இருக்கு, மறந்துடாத."

"மறக்கல அக்கா."

நிகழ்ச்சி முடிந்ததும் அலுவலகத் தொலைபேசியிலேயே அல்மாத்தியைப் பிடித்தேன்.

"பிபி! பாத்தியாடி? எப்படி இருந்துச்சு?" என்றாள் ராய்கான். குரலில் குதியாட்டம்.

"எங்க பக்கம் இருட்டு."

"அடடா! முக்கியமான பகுதியாச்சே!"

"தெரியும். நான் அத ஒருதடவ வாழ்ந்திருக்கேன்."

உடனே கொஞ்ச ஆரம்பித்தாள்.

"கோவமா? யாருக்குடி தெரியப் போகுது? ஊர் ஊருக்கு இப்படிக் குடுக்கறாங்க. நீ தெனமும் அடுத்தவங்க கதையச் சொல்றவதானே, உனக்குத் தெரியாதா?"

"அது எவனோ உக்காந்து எழுதின கதை. இது என் மார்ல கட்டின பால். உன்ன நம்பித்தானே சொன்னேன்? பூட்ஸ எதுக்குப் போட்ட? அவ கால்ல கிடக்குடி அது! அவ பாத்துட்டா!"

"ஐயோ," என்றாள். நிஜமாகவே பதறினாள் என்றுதான் அப்போது நினைத்தேன். "அவ கேட்டாளா?"

"இன்னும் கேக்கல. கேட்டா நான் இல்லேன்னு சொல்லியாகணும், வார்த்தை குடுத்திருக்கேன். நான் பெத்த புள்ளகிட்ட, நான் உன் அம்மா இல்லேன்னு என் வாயாலயே சொல்ல வச்சுடாதேடி. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

அழுதேன். அவளும் அழுதாள். மறுபடியும் அதே மடி, அதே அழுகை.

"என்ன பண்ணணும் சொல்லு," என்றாள்.

"மாத்து. குடுத்த குழந்தை காய்ச்சல்ல போயிடுச்சு, இந்தப் பொண்ணு மூத்தவளே அப்புறமா பெத்ததுன்னு வை. செத்துப்போனத நெனச்சுத்தான் சித்தி பூட்ஸ் குடுக்கறான்னு வை. அவளுக்குச் சந்தேகம் தீந்துடும்."

"காய்ச்சல்," என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "சரி. புதன்கிழமைதான் எடுக்கறோம். சத்தியமா காய்ச்சல் வரும். வெள்ளிக்கிழமை பாரு."

நம்பினேன். வேறு வழியும் இல்லை. ஆனால் வழி இல்லாததால் மட்டும் நம்பவில்லை, அவளை எனக்குப் பிடிக்கும் என்பதாலும்தான். இன்றைக்கும் எரிகிற இடம் அதுதான்.

மறுநாள் ஞாயிறு. காலை நிகழ்ச்சியில் ஒராஸ்பெக் கிழவரின் குதிரைக் கேள்வியை முடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

"சித்தி, நான்தான் அக்மரால்."

அவள் எப்போதாவது இப்படிக் கூப்பிட்டு என்னைக் கிண்டல் செய்வது உண்டு. ஊருக்கும் அவள் குரல் தெரியும். அன்று கிண்டல் இல்லை.

"சொல்லும்மா."

"ஒரு தொடர் சம்பந்தமா கேள்வி. வீட்ல கேட்டா எல்லாரும் டீய ஊத்திக் குடுத்துப் பேச்ச மாத்தறாங்க. ரேடியோல நீங்க தப்பா சொல்லமாட்டீங்கன்னு அம்மா எப்பவும் சொல்லும். அதான் இங்க கேக்கறேன். 'இரண்டு வாசல்'ல வர்ற அந்தப் பொண்ணு, நிஜமாவே அந்தச் சித்தி பெத்ததா?"

கண்ணாடிக்கு அப்பால் சபித் அண்ணன் கதைச்சுருக்கம் கிடைத்துவிட்டதா என்று கையால் கேட்டார். நான் என் முதல் கட்டுப்பாட்டை உடைத்தேன்.

"இல்லம்மா. வரப்போறத நான் சொல்றதில்ல, இன்னிக்கு ஒருதடவ சொல்றேன். எழுதினவங்ககிட்டயே கேட்டுட்டேன். குடுத்த குழந்தை காய்ச்சல்ல போயிடுச்சு. இந்தப் பொண்ணு மூத்தவ பெத்தது. வெள்ளிக்கிழமை நீயே பாப்ப."

"அப்ப பூட்ஸ்?"

"செத்ததுக்கு இருந்தா என்ன அளவு இருக்கும்னு நெனச்சு நெனச்சு இதுக்கு வாங்கறா. பைத்தியம் மாதிரிதான். ஆனா அம்மா இல்ல."

"சரி சித்தி," என்றாள். அதில் நிம்மதி இருந்ததா ஏமாற்றம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா இல்ல என்று சொன்ன வாயைத் தேநீர் விட்டுக் கழுவினேன். எழுதினவள் வார்த்தையைத்தானே சொன்னேன், கதையைத்தானே சொன்னேன் என்று அந்த வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் வெளிச்சம். அப்படிப்பட்ட நாளில் இருட்டுப் பக்கத்துச் சொந்தங்கள் வெளிச்சப் பக்கத்துச் சொந்தங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வருகிறவர்களுக்கு இறைச்சி ஆக்கிப் போட்டு முடியவில்லை என்று எங்கள் தெருவில் பெண்கள் முணுமுணுப்பதுண்டு. அக்மரால் பெட்டிக்கடையில் வாங்கிய மிட்டாயோடு மாலையே வந்துவிட்டாள். குல்யாஷ் அக்கா வரவில்லை. "அம்மாக்குத் தலைவலி. நீ பாத்துட்டு வந்து சொல்லுன்னாங்க," என்றாள். என் பக்கத்தில் தரைவிரிப்பில் உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவதாகப் பாவனை செய்தார். அவரும் பெற்றவர்தான். அவர் தூக்கம் எனக்குத் தெரியும்.

தொடர் ஆரம்பித்தது. சின்ன மருமகள் ஒரு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு யாரோ தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"நான் பெத்த புள்ளகிட்ட, நான் உன் அம்மா இல்லேன்னு என் வாயாலயே சொல்ல வச்சுடாதேடி. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

ஒரு வார்த்தை மாறவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். நான் அழுதுகொண்டிருந்தபோது ராய்கான் அழுதாள் என்று நினைத்தேனே, அழுதுகொண்டே மனப்பாடமும் செய்திருக்கிறாள்.

எழுந்து பெட்டியை அணைத்திருக்கலாம். அணைத்தால் அதுவே பதிலாகிவிடும். அதனால் அசையாமல் இருந்தேன். அடுத்த காட்சியில் அந்தப் பெண் முற்றத்தைக் கடந்து வந்து சித்தியிடம் நேராகக் கேட்டாள். சித்தி சிரித்துக்கொண்டே, "அந்தக் குழந்தை காய்ச்சல்ல போயிடுச்சும்மா. உன்னப் பெத்தது உங்கம்மாதான்," என்றாள். பெண் நம்பிப் போனாள். அவள் போனதும் சித்தி கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து, வாயில் துணியைத் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது அது பொய் என்று.

காய்ச்சல் வரும் என்று சத்தியம் செய்தாள். வந்தது. நான் பிச்சையாகக் கேட்டு வாங்கிய மாற்றத்தையே பொய்யாக்கி, அந்தப் பொய்யையும் என் வாயிலேயே வைத்துக் காட்டிவிட்டாள். அதையே நான் ஐந்து நாள் முன்னால் ஊர் கேட்க வானொலியில் வேறு சொல்லியிருந்தேன்.

அக்மரால் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாள் என்று தெரியாது. மடித்த காகிதத்தை விரிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் கிளம்பறேன்."

"கொண்டுபோய் விடறேன், இரு," என்று என் கணவர் எழுந்தார். இப்போது தூக்கம் இல்லை.

"வேணாம். வழி தெரியும்."

யாரையும் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே சபித் அண்ணன் தொலைபேசியை நீட்டினார். "அல்மாத்தி."

"பிபி, கோச்சுக்காத," என்றாள் ராய்கான். "சொன்னபடி காய்ச்சல் வச்சேன்ல? மேல இருக்கறவங்க முழுசா மாத்த விடல. ஆனா பாரு, அந்தக் கதவு சீன்ல அல்மாத்தியே அழுதிருக்கு. உன்னப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க, பேரு தெரியாமலே."

நான் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"அவ பாத்தாளா?" என்று கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது, அக்கறையாக. "என்னடி சொன்னா? எப்படி எடுத்துக்கிட்டா? அப்படியே சொல்லு."

அப்படியே சொல்லு என்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவளுக்குக் கதை வேண்டும். என் மகள் எழுந்து போன விதம் வேண்டும், சொன்ன சொல் வேண்டும். இத்தனை வருஷம் என் கூடவே இருந்து தேநீர் குடித்தவளை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. தொலைபேசியை வைத்தேன். சபித் அண்ணனிடம், "இனிமே அல்மாத்தி வந்தா நான் செத்துட்டேன்னு சொல்லுங்க," என்றேன். "காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஒலிக்கருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிகழ்ச்சி தொடங்கியது. நேற்றுக் கிழக்கே இருட்டு. எங்கள் பக்கத்து நேயர்கள் சொல்லலாம் என்று அறிவித்தேன். என் வாயால் அந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முதலில் வந்தது ஒராஸ்பெக் கிழவர். கிழக்குக்காரர்.

"பிபிநூரு, காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு சொன்னியே, அதானே நேத்துக் காட்டினான்? ஒரு பந்தயம் கட்டியிருக்கேன்."

"பொறுங்க ஐயா. பாத்தவங்க யாராவது வரட்டும்."

"அட, நீ பாக்கலியா?"

அதற்குள் சபித் அண்ணன் அடுத்த அழைப்பைத் திறந்துவிட்டார்.

"வணக்கம். கிழக்குப் பக்கத்துலேர்ந்து ஒரு நேயர் பேசறேன்," என்றது குரல். "நேத்து எங்க பக்கம் இருட்டு. ஆனா நான் வேற வீட்ல போய்ப் பாத்துட்டேன். பாக்காதவங்களுக்கு நான் சொல்லலாமா, பிபிநூர் அவர்களே?"

அப்படி என்னைக் கூப்பிடுகிறவர்கள் நகரமன்றத்து அதிகாரிகள் மட்டும்தான். "சொல்லுங்க," என்றேன். நானும் அவளிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"காய்ச்சல்னு சொன்னது பொய். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தங்க பெத்தாங்க, ஒருத்தங்க வளத்தாங்க. ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள ஒரு வார்த்தை குடுத்து வாங்கிக்கிட்டாங்க. பொண்ணு நம்பிக்கையா ஒரு இடத்துல போய்க் கேட்டா. எந்த இடத்துல பொய் சொல்லமாட்டாங்கன்னு ஊரே சொல்லுமோ, அந்த இடத்துல." மூச்சு கேட்டது. "அவ்வளவுதான் காட்டினாங்க."

குல்யாஷ் அக்கா சமையலறைச் சுவரில் மாட்டிய பெட்டிக்குக் கீழே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கொடுத்த வார்த்தை இன்னும் என் நாக்கில்தான் இருந்தது.

"அக்மரால்," என்றேன். "அந்தச் சித்திக்கு..."

"ஒரே ஒரு கேள்வி இருக்கு," என்று குறுக்கே வந்தாள். "அந்தப் பொய்யச் சொல்றப்போ அவங்க யார நெனச்சுச் சொன்னாங்க? பொண்ணையா, வார்த்தையையா?"

எந்தத் தொடரிலும் எந்தப் படத்திலும் பதில் தெரியாமல் நான் நின்றதில்லை. பொண்ணைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அது ஊர் கேட்க ஒப்புக்கொண்டதாகும், குல்யாஷ் அக்காவைப் பதினேழு வருஷத்துக்கும் சேர்த்துத் தள்ளிவிட்டதாகும். வார்த்தையைத்தான் என்று சொன்னால் அது என் மகளுக்குச் சொல்கிற பதில் இல்லை. சபித் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். வானொலியில் மௌனம் நீளக்கூடாது.

"தெரியலம்மா," என்றேன்.

"சரி. நன்றி, பிபிநூர் அவர்களே," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ராய்கானை நான் மன்னிக்கமாட்டேன். அம்மா என்ற சொல்லை நாற்பதாவது நாளே கொடுத்துவிட்டு, சித்தி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் பிழைத்துவந்தேன். அதையும் அன்று காலை ஊரே கேட்டுக்கொண்டிருக்க என் மகள் திருப்பி வாங்கிக்கொண்டாள்.